கட்டடத்துக்கு பேக்கப் எடுக்க முடியுமா?

ஈராக்கின் 10,000 தினார் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் இப்னு அல்-ஹைதம் இருக்கிறார். கண்ணிலிருந்து ஒன்றும் கிளம்பிப் போவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று ஆயிரம் வருடங்களுக்கு முன்பே விளக்கிய அறிஞர். கேமராவுக்கெல்லாம் தாத்தா என்று சொல்லலாம். மறுபக்கம் சற்றே சாய்ந்து நிற்கும் ஒரு மினாரா. மொசூல் நகரத்தின் அந்-நூரி பெரிய பள்ளிவாசலின் மினாரா அது.

நூருத்தீன் ஸங்கி 1172-73ல் கட்டிய பள்ளிவாசல். மினாராவின் உயரம் சுமார் 45 மீட்டர். செங்கல்லை மாற்றி மாற்றி அடுக்கியே ஏழு பட்டைகளில் ஏழு விதமான கோலங்கள் போட்டிருந்தார்கள். காலப்போக்கில் அது ஒரு பக்கமாகச் சாய, ஊர்க்காரர்கள் 'அல்-ஹத்பா', அதாவது கூனி, என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். மங்கோலியர் படையெடுப்பு, உதுமானியர் ஆட்சி, இரண்டு உலகப் போர்கள் எல்லாவற்றையும் அந்தக் கூனி பார்த்துவிட்டது. 2017 ஜூன் 21 அன்று, மொசூலை இழக்கும் தறுவாயில் இருந்த ஐ.எஸ். இயக்கம் அதை வெடி வைத்துத் தகர்த்தது. எண்ணூறு வருடங்களுக்கு மேல் நின்றது, ஒரே இரவில் போனது. மிச்சம் இருந்தது அடிப்பீடமும் ரூபாய் நோட்டுப் படமும்தான்.

கதை அதோடு முடியவில்லை. யுனெஸ்கோ 2018ல் மொசூலை மீட்டெடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு ஐக்கிய அரபு அமீரகம் 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 2025 செப்டம்பரில், அதே இடத்தில், அதே சாய்வோடு, அதே செங்கல் கோலங்களோடு கூனி மறுபடியும் திறப்பு விழா கண்டது. பழைய புகைப்படங்கள், பழைய வரைபடங்கள், டிரோன் எடுத்த படங்கள், கணினியில் உருவாக்கிய முப்பரிமாண மாதிரிகள் எல்லாம் இதற்கு உதவின.

ஆக, எல்லாம் சுபம்! பேக்கப் இருந்தது, ரெஸ்டோர் செய்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் அழிந்தால் பென் டிரைவிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வது மாதிரி. இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள்.

விஷயம் அவ்வளவு எளிதல்ல. வரலாற்றுக் கட்டடங்களை டிஜிட்டலில் பதிவு செய்வது அவசியம், அவசரமும் கூட. ஆனால் பராமரிக்கப் பணமும், பார்த்துக்கொள்ள ஆளும் கூடவே இல்லாத பதிவால் என்ன பயன்? உயிரோடு இருந்தபோது கவனிக்காமல் விட்டுவிட்டு, போன பிறகு படத்துக்கு மாலை போடுகிற கதைதான். இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இஸ்லாமியக் கட்டடங்கள் இத்தனை நூற்றாண்டுகள் எப்படி நின்றன என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எப்படிப் பதிவு செய்கிறார்கள்?

முதலில் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முக்கியமாக இரண்டு வழிகள்.

ஒன்று, லேசர் ஸ்கேனர். முக்காலியில் வைத்த கருவி சுற்றிச் சுற்றி லேசர் கதிரை அனுப்பும். சுவரில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். விநாடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகள். எல்லாவற்றையும் சேர்த்தால் கட்டடத்தின் உருவம் புள்ளிகளாலேயே திரையில் எழும். தூண் எத்தனை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது, விரிசல் எவ்வளவு அகலம் என்பதுவரை அளந்துவிடலாம்.

இரண்டாவது, புகைப்படங்களிலிருந்தே அளவெடுக்கும் முறை. ஒரே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பல கோணங்களில் படமெடுக்க வேண்டும். ஒரு படத்தில் இருப்பதில் பெரும்பகுதி அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். மென்பொருள் இரண்டிலும் உள்ள ஒரே புள்ளிகளைத் தேடிப் பிடித்து, முப்பரிமாண உருவத்தைக் கட்டிவிடும். மனிதனின் இரண்டு கண்கள் ஆழத்தை உணர்கிற அதே தந்திரம். ஸ்கேனருக்கு லட்சக்கணக்கில் செலவாகும். இதற்கு ஒரு நல்ல கேமராவும் பொறுமையும் போதும். இப்போது செல்போனே போதும்.

இதில் இன்னொரு வசதி, கட்டடம் போன பிறகும் இந்த முறை வேலை செய்யும். எப்போதோ சுற்றுலா வந்தவர்கள் எடுத்த படங்கள் போதுமான அளவு கிடைத்தால், அவற்றிலிருந்தே உருவத்தை ஓரளவு மீட்கலாம். 2015ல் மொசூல் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது, இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் 'புராஜெக்ட் மொசூல்' என்ற பெயரில் இணையத்தில் பொதுமக்களிடம் பழைய படங்களைக் கேட்டு வாங்கி இதைச் செய்து காட்டினார்கள். பின்னாளில் அதன் பெயர் 'ரெக்ரெய்' என்று மாறியது.

ஒரு சுவாரசியமான தகவல். எங்கும் தூக்கிச் செல்லக்கூடிய முப்பரிமாண லேசர் ஸ்கேனரை 1990களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பென் கசைரா. அமெரிக்காவில் தொழில் செய்த பொறியாளர். பிறந்த ஊர்? மொசூல்! சிறுவயதில் அப்பா அவரை அழைத்துப் போய்க் காட்டியது பக்கத்திலிருந்த நினிவே இடிபாடுகளை. 2001ல் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டதைப் பார்த்து மனம் நொந்து, 2003ல் சைஆர்க் என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். உலகின் நினைவுச்சின்னங்களை ஸ்கேன் செய்து வைப்பதுதான் அதன் வேலை.

பதிவு எதற்கெல்லாம் பயன்படும்?

இடிந்ததைத் திரும்பக் கட்டத்தான் பதிவு என்று நினைத்தால் அது பாதிதான். வேறு மூன்று பயன்கள் இருக்கின்றன.

முதலாவது, சிதறியதை அடையாளம் காண்பது. சிரியாவின் அலெப்போ நகரத்து உமய்யாப் பள்ளிவாசலின் மினாரா 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. சிரியாவின் அழகான மினாராக்களில் ஒன்று. 2013 ஏப்ரல் 24 அன்று சண்டையில் அது சரிந்து விழுந்தது. யார் சுட்டது என்று இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டின. கற்கள் முற்றத்தில் குவியலாகக் கிடந்தன. பிற்பாடு அவற்றைப் பிரித்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் அளந்து படமெடுத்தார்கள். எந்தக் கல் எந்த வரிசையில் எந்தப் பக்கம் இருந்தது என்று கண்டுபிடிக்கப் பழைய படங்கள் வேண்டும். மாபெரும் ஜிக்சா புதிர் மாதிரி. பெட்டியின் மேலிருக்கும் படம் இல்லாமல் புதிரைச் சேர்க்க முடியுமா?

இரண்டாவது, திருட்டைப் பிடிப்பது. உஸ்பெகிஸ்தானின் புகாரா பகுதியில் வாப்கெண்ட் அருகே சஷ்மா அய்யூப் என்ற நினைவிடம் இருக்கிறது. 1208-09ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாசலில் எழுத்து வரிகளோடு மெருகிட்ட ஓடுகள். 2014ல் அதிலொரு ஓடு காணாமல் போனது. பிறகு அது லண்டனில் விற்பனைக்கு வந்தது. கட்டடத்தில் அந்த ஓடு இருந்த பழைய படம் இருந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. பிரிட்டிஷ் மியூசியம் வழியாக 2017ல் ஓடு உஸ்பெகிஸ்தானுக்குத் திரும்பியது. படம் இல்லாவிட்டால்? "எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிறது" என்று சொல்லி விற்றிருப்பார்கள். கெய்ரோவில் மம்லூக் காலத்து மிம்பர்களிலிருந்து தந்தமும் மரமும் இழைத்த பலகைகள் தொடர்ந்து களவு போனபோது, எகிப்தியர்களே 2018 வாக்கில் ஒவ்வொரு மிம்பராக முழுமையாகப் பதிவு செய்யத் தொடங்கியதும் இதற்காகத்தான். அலெப்போ பள்ளிவாசலின் மரமிம்பர் 2013லேயே மாயமானது. படம் இருக்கிறது, மிம்பர் எங்கே என்றுதான் தெரியவில்லை. ஆனால் படம் இருக்கும்வரை அதை வெளிப்படையாக விற்பது கஷ்டம்.

மூன்றாவது, நீதிமன்றம். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் டிம்பக்டு நகரத்து இறைநேசர்களின் அடக்கத்தலங்களை 2012ல் ஒரு ஆயுதக் குழு இடித்துத் தள்ளியது. அந்த வழக்கு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனது. இடிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்கள், வீடியோக்கள் எல்லாம் சாட்சியமாக வந்தன. 2016ல் அஹ்மது அல்-மஹ்தி என்பவருக்கு 9 ஆண்டுச் சிறைத்தண்டனை. கட்டடங்களை அழித்ததற்காக மட்டுமே ஒருவர் அந்த நீதிமன்றத்தில் தண்டனை பெற்றது அதுவே முதல் முறை.

இவ்வளவு பயன் இருக்கும்போது பிறகென்ன குறை என்று கேட்கலாம். குறை பதிவில் இல்லை. பதிவு முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

அந்தக் காலத்துப் பதிவேடு

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும்.

இஸ்தான்புல்லின் சுலைமானியா பள்ளிவாசலைக் கட்டிடக்கலைஞர் சினான் 1550க்கும் 1557க்கும் இடையில் கட்டினார். அந்தக் கட்டுமானத்தின் கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன! எந்தக் கொத்தனார் எத்தனை நாள் வந்தார், கூலி எவ்வளவு, கல் எங்கிருந்து வந்தது, சுண்ணாம்புக்கு என்ன செலவு என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். துருக்கியப் பொருளாதார வரலாற்றாசிரியர் ஓமர் லுத்ஃபி பர்கான் 1970களில் அவற்றைப் பதிப்பித்தார். அந்தப் பள்ளிவாசலை முஸ்லிம் தொழிலாளர்களும் கிறிஸ்தவத் தொழிலாளர்களும் சேர்ந்துதான் கட்டினார்கள் என்பது அந்தக் கணக்கிலிருந்துதான் தெரிய வருகிறது. எந்த லேசர் ஸ்கேனரும் இதைச் சொல்லாது.

அதைவிட முக்கியமானது வக்பு பத்திரம். ஒரு சுல்தானோ வணிகரோ பள்ளிவாசல், மதரஸா, மருத்துவமனை கட்டினால், கட்டி முடித்ததோடு வேலை முடியாது. கடைத்தெரு, குளியல் கூடம், தோட்டம், வாடகை வீடுகள் என்று வருமானம் தரும் சொத்துக்களை அதன் பெயரில் எழுதி வைப்பார்கள். அந்தப் பத்திரத்தில் கட்டடத்தின் எல்லைகள், அறைகள், வாசல்கள் எல்லாம் விவரமாக இருக்கும். எந்தச் சொத்திலிருந்து வருமானம், யாருக்கு என்ன சம்பளம், பழுது பார்க்க என்ன ஒதுக்கீடு என்பதும் அதே பத்திரத்தில் இருக்கும். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-85ல் கட்டிய வளாகத்தில் மருத்துவமனை இருந்தது. அதன் வக்பு பத்திரம் வைத்தியர்கள், மருந்து, நோயாளிகளின் உணவு வரைக்கும் ஏற்பாடு செய்து வைத்தது. இன்றைக்கு வரலாற்றாசிரியர்கள் மறைந்துபோன அறைகளை மீட்டு வரைய இந்தப் பத்திரங்களைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கவனியுங்கள். கட்டடத்தின் வர்ணனையும் கட்டடத்தின் வருமானமும் ஒரே பத்திரத்தில்! சொத்துப் பதிவேடும் பராமரிப்பு பட்ஜெட்டும் ஒன்றாக. இதுதான் பழைய டாக்குமென்டேஷன்.

பிறகு என்ன ஆயிற்று? எகிப்தில் 19ஆம் நூற்றாண்டில் முகமது அலி ஆட்சி வக்பு நிலங்களில் கை வைத்தது. 1952 புரட்சிக்குப் பிறகு வக்பு சொத்துக்கள் அரசுக் கட்டுப்பாட்டுக்குப் போயின. வருமானம் ஒரு பக்கம், கட்டடம் ஒரு பக்கம் என்று பிரிந்தது. 1881ல் தொடங்கிய நினைவுச்சின்னப் பாதுகாப்புக் குழு கெய்ரோவின் பள்ளிவாசல்களை வரைந்தது, படமெடுத்தது, ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டது. அருமையான பணி. இன்று அந்த அறிக்கைகள் டிஜிட்டலில் கிடைக்கின்றன. ஆனால் கூரை ஒழுகினால் அடைக்க அன்றாடம் பணம் தந்துகொண்டிருந்த கடைத்தெரு வாடகைக்கு அந்த அறிக்கைகள் ஈடாக முடியவில்லை.

முதலினச் செலவும் வருவாயினச் செலவும்

ஒரு இயந்திரம் வாங்கினால் அது முதலினச் செலவு. அதற்கு எண்ணெய் போட்டு, பழுது பார்த்து ஓட வைப்பது வருவாயினச் செலவு. முதல் வருடப் பாடம். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை விட்டால் இயந்திரம் காயலான் கடைக்குப் போகும்.

டிஜிட்டல் பதிவுத் திட்டங்களில் நடப்பது இதுதான். ஸ்கேனர் வாங்க, குழுவை அனுப்ப, கண்காட்சி நடத்தப் பணம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது முதலினச் செலவு. திட்ட முடிவில் காட்ட ஒரு அழகான வீடியோ கிடைக்கும். ஆனால் ஐந்து வருடம் கழித்து சர்வருக்கு யார் பணம் கட்டுவது? ஃபைல்களைப் புதிய ஃபார்மேட்டுக்கு யார் மாற்றுவது? அந்தக் கட்டடத்தின் கூரையில் முளைத்த அரசங்கன்றை யார் பிடுங்குவது? இதற்கெல்லாம் வீடியோ எடுக்க முடியாது. அதனால் பணமும் வராது.

டிஜிட்டல் என்றால் நிரந்தரம் என்று நினைப்பவர்கள் ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1086ல் நாடு முழுவதும் சொத்துக் கணக்கெடுத்துத் தோலில் எழுதி வைத்தார்கள், டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதன் 900ஆவது ஆண்டைக் கொண்டாட 1986ல் பிபிசி அதேபோல ஒரு பதிவை லேசர் டிஸ்க்கில் செய்தது. பதினைந்து இருபது வருடங்களுக்குள் அந்த டிஸ்க்கைப் படிக்கும் கருவிகளைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. 1086ன் புத்தகத்தை இன்றும் திறந்து படிக்கலாம். உங்கள் வீட்டுப் பழைய ஃபிளாப்பியைத் திறக்க முடியுமா? அதுவேதான் இதுவும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் டிம்பக்டு. அங்கே பள்ளிவாசல்கள் மண்ணால் ஆனவை. மழை கரைக்கும். ஆகவே ஊரே கூடி அவ்வப்போது மண்பூச்சு பூசுகிறது. கொத்தனார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைத் தெரிந்து வைத்திருக்கின்றன. 2012ல் இடித்த அடக்கத்தலங்களை 2015க்குள் திரும்பக் கட்டியது அந்த ஊர்க் கொத்தனார்கள்தான். யுனெஸ்கோ பணம் தந்தது. பழைய படங்கள் துணை செய்தன. ஆனால் எந்த மண், எவ்வளவு ஊற வேண்டும், எந்தக் கை வாகில் பூச வேண்டும் என்பது கொத்தனார்களிடம் இருந்தது. பதிவு, பணம், கை வேலை மூன்றும் சேர்ந்ததால் மூன்று வருடத்தில் நடந்தது.

மொசூலிலும் அப்படியே. கணினி மாதிரி மட்டும் அந்த மினாராவை எழுப்பவில்லை. இடிபாடுகளிலிருந்து பழைய செங்கற்களைப் பொறுக்கிச் சுத்தம் செய்தார்கள். உள்ளூர் இளைஞர்களுக்குக் கல் வேலையும் கட்டட வேலையும் பயிற்சி கொடுத்தார்கள். தரையைத் தோண்டியபோது 12ஆம் நூற்றாண்டின் நான்கு அறைகள் வெளிப்பட்டன. 2024ல் தொழுகைக் கூடத்தின் சுவருக்குள் ஐ.எஸ். ஒளித்து வைத்த ஐந்து பெரிய குண்டுகளைக் கண்டுபிடித்தார்கள். ஸ்கேனருக்குத் தெரிவது மேல்தோல் மட்டுமே. தரைக்கு அடியிலும் சுவருக்கு உள்ளேயும் இருப்பதை மனிதர்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

யாருடைய ஹார்ட் டிஸ்க்?

இன்னொரு சங்கடமான கேள்வி. மொசூலின் பழைய படங்கள் எங்கே இருக்கின்றன? கெர்ட்ரூட் பெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதல் உலகப் போருக்கு முன் எடுத்த படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில். ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் 1907-08 பயணத்தில் பள்ளிவாசலை அளந்து வரைந்தவை பெர்லினில் வெளியான புத்தகத்தில். அவர்கள் அன்று பதிவு செய்தது பெரிய உபகாரம், மறுப்பதற்கில்லை. பெல்லின் படங்களை நியூகாசில் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதும் பாராட்ட வேண்டியது. ஆனால் மொசூல்காரர் தன் ஊர்ப் பள்ளிவாசலின் பழைய முகத்தைப் பார்க்க வெளிநாட்டு ஆவணக் காப்பகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

டிஜிட்டல் யுகத்தில் இது மாறியிருக்க வேண்டும். நகல் எடுக்கச் செலவே இல்லையே! ஆனால் எப்போதும் அப்படி நடக்கவில்லை. 2016ல் சிரியாவின் பல்மைரா நகரத்து ரோமானிய வளைவை, அது இஸ்லாமியக் கட்டடம் இல்லை, ஆனால் அதே போரில் போனது, படங்களை வைத்து இத்தாலியில் பளிங்கில் செதுக்கி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். கூட்டம் கூடியது, செல்ஃபி எடுத்தது. சிரியாவில் அதே இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

நல்ல முன்னுதாரணங்களும் உண்டு. போர் நடந்துகொண்டிருந்தபோதே சைஆர்க்கும் சர்வதேச நினைவுச்சின்னக் குழுவான இகோமோஸும் சேர்ந்து சிரியத் தொல்லியல் துறைப் பணியாளர்களுக்குப் பக்கத்து நாடான லெபனானில் பயிற்சி கொடுத்தன. அவர்கள் திரும்பிப் போய் டமாஸ்கஸின் கட்டடங்களைத் தாங்களே பதிவு செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் அஸெம் மாளிகை அதிலொன்று. கருவி வெளியிலிருந்து வரலாம், கை உள்ளூர்க் கையாக இருந்தது. 2002ல் தொடங்கிய ஆர்ச்நெட் என்ற இணையத்தளமும் இப்படித்தான். ஆகா கான் அறக்கட்டளையும் அமெரிக்காவின் எம்ஐடியும் சேர்ந்து நடத்தும் அதில் இஸ்லாமிய உலகின் கட்டடப் படங்களையும் வரைபடங்களையும் எந்த ஊர் மாணவரும் காசில்லாமல் பார்க்கலாம்.

பதிவை யார் வைத்திருக்கிறார்கள் என்பது ஏன் முக்கியம்? திரும்பக் கட்டும்போது முடிவெடுப்பது யார் என்பதில் அது போய் முடிகிறது. அந்-நூரி பள்ளிவாசல் வளாகத்துக்குச் சர்வதேசப் போட்டி நடந்து 2021ல் எகிப்தியக் குழுவின் வடிவமைப்பு தேர்வானபோது, இது மொசூலின் மரபு மாதிரியே இல்லையே என்று ஈராக்கியக் கட்டடக்கலைஞர்கள் பலர் எதிர்த்தார்கள். இத்தனைக்கும் பழைய கூடமே 1940களில் பெரும்பகுதி மாற்றிக் கட்டியதுதான். அப்படியானால் எந்த ஆண்டின் கட்டடத்தை 'அசல்' என்று எடுப்பது? ஸ்கேனருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. அங்கே தொழுகிறவர்களுக்குத்தான் அதில் உரிமை உண்டு.

குண்டு இல்லாமல் போகும் கட்டடங்கள்

போரில் இடிந்தவை செய்தியாகின்றன. உலகமே வருந்துகிறது. ஸ்கேனர்கள் ஓடி வருகின்றன. ஆனால் அமைதிக் காலத்தில் புல்டோசரால் போகிறவை?

மக்காவில் ஹரம் ஷரீபைப் பார்த்தபடி குன்றின்மேல் நின்ற அஜ்யாத் கோட்டை, 18ஆம் நூற்றாண்டு உதுமானியக் கோட்டை, 2002ல் இடிக்கப்பட்டது. குன்றும் சேர்ந்து போனது. அங்கே இன்று நிற்பது வானளாவிய ஹோட்டல் வளாகம். ஹாஜிகள் பெருகுகிறார்கள், தங்க இடம் வேண்டும் என்பது உண்மையான தேவைதான். ஆனால் அந்த ஊரின் பழைய வீடுகளையும் தெருக்களையும் இடிப்புக்கு முன் பதிவு செய்ய ஓடியவர்கள் மிகச் சிலரே. சவூதிக் கட்டடக்கலைஞர் சாமி அங்காவி அவர்களில் ஒருவர். 1975லேயே ஹஜ் ஆய்வு மையத்தைத் தொடங்கியவர். ஒரு நகரத்தின் நினைவு இப்படிச் சில தனி மனிதர்களின் படப்பெட்டிகளில் தங்கிப்போவது எவ்வளவு பெரிய அபாயம்!

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் பழைய பள்ளிவாசல்கள் கல்தூண்களோடு, மண்டபப் பாணியில் நிற்பவை. குவிமாடமும் உயர்ந்த மினாராவும்தான் பள்ளிவாசல் என்று நினைப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கடல் வணிகம் செய்த முஸ்லிம்களும் உள்ளூர்க் கல்தச்சர் மரபும் சேர்ந்து உண்டாக்கிய கட்டடங்கள் அவை. அவற்றை ஊர் ஊராகப் போய் அளந்து வரைந்து 2003ல் புத்தகமாக வெளியிட்டவர் மெஹர்தாத் ஷொகூஹி. ஈரானிய வம்சாவளி அறிஞர், வெளியானது இங்கிலாந்தில், விலையோ மாணவர்களுக்கு எட்டாதது. ஜமாஅத் பெருகி இடம் போதாமல் விரிவாக்கும்போது பழைய கல்தூணுக்கு பெயின்ட் அடிப்பதும், கல்வெட்டின்மேல் டைல்ஸ் ஒட்டுவதும் எந்தச் செய்தியிலும் வராது. வெடிச்சத்தமே கேட்காமல் நடக்கும் இழப்பு இது.

மனிதர்கள் சாகும்போது கல்லுக்கு ஏன் கவலை?

கடைசியாக ஒரு எதிர்வாதம். மொசூலில் எத்தனை குடும்பங்கள் வீடிழந்தன, அங்கே மினாராவுக்கு இத்தனை கோடியா? கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் மொசூலிலேயே இருக்கிறது. அதே திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய வீடுகள் சரி செய்யப்பட்டன. பக்கத்துத் தெருக்களிலிருந்த இரண்டு தேவாலயங்களும் எழுந்தன. வேலை இல்லாமல் இருந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வர ஒரு காரணம் வேண்டும். தெருமுனையில் நின்ற மினாரா அந்தக் காரணங்களில் ஒன்று.

ஆனால் அந்த 5 கோடி டாலரை யோசித்துப் பாருங்கள். விழுந்த பிறகு கொடுத்த பணம் அது. நிற்கும்போதே ஆண்டுக்காண்டு பார்த்துக்கொள்ள எத்தனையோ பள்ளிவாசல்களுக்கு அதில் நூறில் ஒரு பங்கு கூடக் கிடைப்பதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். டிஜிட்டல் பதிவைப் பழைய வக்பு பத்திரம் மாதிரி ஆக்க வேண்டும். கட்டடத்தின் உருவம், பழுது விவரம், பார்த்துக்கொள்ளப் பொறுப்பானவர், ஆண்டுச் செலவுக்கு வழி, இந்த நான்கும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். பணம் தருகிற நிறுவனங்கள் ஸ்கேன் செலவோடு பத்து வருடப் பராமரிப்பையும் சேர்த்துத்தான் தர வேண்டும். முதல் நகல் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.

மாணவர்கள் இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் பழைய பள்ளிவாசலோ தர்காவோ இருந்தால், நிர்வாகிகளிடம் அனுமதி கேட்டு, ஒரு சனிக்கிழமை செல்போனோடு போங்கள். தூண், கல்வெட்டு, மிம்பர், கூரை என்று ஒவ்வொன்றாக, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். தேதியும் திசையும் குறித்துக்கொள்ளுங்கள். வயதான மோதினாரிடம் எந்த வருடம் எந்தச் சுவரை மாற்றினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மூன்று நகல் எடுத்து, ஒன்றைப் பள்ளிவாசல் அலுவலகத்திலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வருடம் அதே நாளில் மறுபடி போய் விரிசல் பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிதாகியிருந்தால், கொத்தனாரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.